அடிவாரத்தில் தேங்கும் புகை

மார்கழி முடியும்போதே பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் புகைக் காலம் தொடங்கிவிடுகிறது. போகிக்குப் பழைய பாயும் டயரும், அறுவடை முடிந்த காட்டில் மக்காச்சோளத் தட்டை, தென்னந்தோப்பில் மட்டையும் சருகும், தெருமுனையில் குப்பை. மாசி, பங்குனி வந்தால் மலைச்சரிவில் காட்டுத் தீ. இத்தனை புகையும் எங்கே போகிறது என்று கேட்டால், "காத்து கொண்டுபோயிரும்" என்பார்கள். கொண்டுபோகும்தான், ஆனால் எல்லா நேரத்திலும் கொண்டுபோகாது. அது கொண்டுபோகாத நேரம் பார்த்துத்தான் நாம் அதிகமாக எரிக்கிறோம்.

விடியலில் நடப்பது என்ன?

கன்னிவாடி, திண்டுக்கல்லுக்கு மேற்கே கீழ்ப்பழனி மலையை ஒட்டியிருக்கும் பேரூராட்சி. பக்கத்துத் தருமத்துப்பட்டியிலிருந்து ஆடலூருக்கும் பன்றிமலைக்கும் மலைப்பாதை ஏறுகிறது. மார்கழி, தை மாதங்களில் காலை ஆறு மணிக்கு அந்தப் பாதையில் நாலைந்து வளைவு ஏறிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், கீழே புகை ஒரே மட்டத்தில் படுத்திருக்கும்.

டீக்கடை விறகடுப்பு, வெந்நீர் அடுப்பு, முந்தைய நாள் மாலை பற்றவைத்து இன்னும் கனன்றுகொண்டிருக்கும் சருகுக் குவியல் என எல்லாவற்றின் புகையும் தென்னை உயரம்வரை எழும். அதற்குமேல் ஏறாமல் பக்கவாட்டில் பரவும். தென்னங்குருத்துகள் மட்டும் மேலே தலைகாட்டும். ஒன்பது, ஒன்பதரைக்கு அந்தப் புகைப்பட்டை அங்கங்கே கிழியத் தொடங்கும். பத்தரைக்குப் பார்த்தால் இருந்த இடம் தெரியாது.

இதற்குக் காரணம் தரையும் வெயிலும். பகலில் வெயில் தரையைச் சுடவைக்கிறது. தரை தன்னை ஒட்டிய காற்றைச் சுடவைக்கிறது. சூடான காற்று மேலே எழ, அந்த இடத்துக்கு மேலிருந்து குளிர்ந்த காற்று இறங்குகிறது. இந்த ஏற்ற இறக்கத்தில் கையகலச் சுழலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் சுழல்வரை எத்தனையோ சுழல்கள் பிறக்கின்றன. மரத்திலும் கட்டடத்திலும் மோதி வரும் காற்றும் தன் பங்குக்குச் சுழல்களை உண்டாக்குகிறது. இந்தக் கொந்தளிப்புதான் புகையைப் பிய்த்து, இழுத்து, நல்ல காற்றோடு கலக்கிறது. இது இல்லாமல் புகை தானாகவே பரவிக் கலைய வேண்டுமென்றால், ஓர் அறைக்குள்கூட நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும்.

பொழுது சாய்ந்ததும் நிலைமை தலைகீழாகிறது. தெளிந்த வானத்தின் கீழ் தரை வேகமாகக் குளிர்கிறது. அதைத் தொட்ட காற்றும் குளிர்கிறது. சற்று மேலே இருக்கும் காற்றோ இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. கனமான குளிர்காற்று அடியிலும் லேசான காற்று மேலேயும் அமைந்துவிட்டால், எதுவும் மேலே எழ உந்துதல் இல்லை. பானைக்கு மூடி போட்ட மாதிரிதான். ஊர் இரவெல்லாம் விடுகிற புகை அந்த மூடிக்குள்ளேயே சேர்கிறது.

சமவெளி ஊர்களுக்கும் இது உண்டு. அடிவார ஊர்களுக்குத்தான் பாதிப்பு அதிகம். மலைச்சரிவில் இரவில் குளிர்ந்த காற்று, கனத்தால் சரிவில் வழிந்து இறங்குகிறது. மழைத்தண்ணீர் எந்த ஓடை வழியாக இறங்குமோ ஏறத்தாழ அதே வழிதான் அதற்கும். இறங்கிய காற்று அடிவாரத்துப் பள்ளங்களில் தேங்கி, அங்கிருக்கும் குளிர்ந்த அடுக்கை இன்னும் தடிமனாக்குகிறது. காலையில் மலை நிழல் விழும் பக்கமாக இருந்தால் வெயில் வந்து தரை சூடேறவும் தாமதமாகும்.

ஒரே புகை, பதினைந்து மடங்கு

கணக்கு எளிது. கோடைப் பகலில் நம் உள்மாவட்டங்களில் தரையிலிருந்து இரண்டு, மூன்று கிலோமீட்டர் உயரம்வரைகூடக் காற்று கலக்கும். பனிக்கால நண்பகலில் அது ஒரு கிலோமீட்டரோ ஒன்றரையோ இருக்கும். அதே பனிக்கால விடியலில் நூறு மீட்டர், சில நாள் அதற்கும் குறைவு.

ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் கலக்க வேண்டிய புகை நூறு மீட்டருக்குள் அடைபட்டால் அதன் அடர்த்தி பதினைந்து மடங்கு. நண்பகலில் வீசும் காற்றின் வேகத்தில் பாதிதான் விடியலில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் முப்பது மடங்கு. எரித்த சருகு ஒரு கூடைதான். எரித்த நேரம் மாறியதால் பக்கத்து வீட்டுக் குழந்தை சுவாசிக்கும் புகை முப்பது மடங்கு கூடிவிடுகிறது. "ஒரு கைப்பிடி குப்பைதானே" என்பவர்கள் அளவை மட்டும் பார்க்கிறார்கள். நேரத்தையும் பார்க்க வேண்டும்.

மூடி கிழியும் நேரமும் கவனிக்க வேண்டியது. இரவில் செங்கல் சூளையோ ஆலையோ உயரமான புகைபோக்கி வழியாக விட்ட புகை, குளிர்ந்த அடுக்குக்கு மேலே, கீழே இறங்காமல் மிதந்துகொண்டிருக்கலாம். காலை வெயிலில் தரையிலிருந்து சுழல்கள் வளர்ந்து அந்த உயரத்தை எட்டும்போது, மிதந்த புகை மொத்தமும் ஒரேயடியாகக் கீழே இழுக்கப்படும். எட்டரை, ஒன்பது மணிக்கு, "திடீர்னு எங்கிருந்து இந்த நாத்தம்?" என்று தெருவில் கேட்கிறார்களே, அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரமும் அதுதான்.

இந்தக் கலக்கத்தின் கணக்கை முதலில் ஆழமாகப் பார்த்தவர்களில் ஒருவர் ஆங்கிலேய வானிலை அறிஞர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன். புகைமூட்டம் பெரிதாகப் பெரிதாக அது விரியும் வேகமும் கூடுகிறது என்று அவர் 1926-இல் காட்டினார். சின்னப் புகையைச் சின்னச் சுழல்தான் பிய்க்கும், பெரிய சுழல் அதை அப்படியே தூக்கிக்கொண்டு போகும். புகை பெரிதான பிறகே பெரிய சுழல்களும் அதைப் பிய்ப்பதில் சேர்ந்துகொள்ளும். நண்பகலில்கூட, எரியும் இடத்துக்குப் பக்கத்தில் நிற்பவருக்குக் காற்று உதவாது என்பதற்கு இதுவே காரணம். போர் மறுப்பாளரான ரிச்சர்ட்சன், தன் ஆய்வு நச்சுப்புகைப் போருக்குப் பயன்படும் என்று தெரிந்ததும் அந்தத் துறையையே விட்டு விலகினார். அவர்மேல் எனக்கு மதிப்பு கூடியது அதனால்தான்.

காற்று கலக்காத இரவு என்ன செய்யும் என்பதற்கு இந்த நாட்டில் போபாலைவிடக் கொடிய சான்று இல்லை. 1984 டிசம்பர் 2 நள்ளிரவை ஒட்டி அங்கிருந்த ஆலையிலிருந்து ஏறக்குறைய 40 டன் மீதைல் ஐசோசயனேட் என்ற நச்சு வாயு வெளியேறியது. குளிர்கால இரவு, மெல்லிய காற்று, தரையை ஒட்டிய குளிர்ந்த அடுக்கு. காற்றைவிடக் கனமான அந்த வாயு மேலே போகாமல், தூங்கிக்கொண்டிருந்த குடிசைகளுக்குள் புகுந்தது. குற்றம் ஆலையுடையது, அதில் மாற்றமில்லை. ஆனால் அதே கசிவு வெயில் காயும் நண்பகலில் நடந்திருந்தால் சாவு இத்தனையாக இருந்திருக்காது.

பகலில் தீ ஏறும், இரவில் புகை இறங்கும்

கன்னிவாடிப் பகுதிக்கு ஆண்டு முழுவதும் ஒரே காற்று இல்லை. ஆனி, ஆடியில் மலை தாண்டி வரும் மேல்காற்று எதையும் ஒரு நிமிடம் நிற்கவிடாது. புழுதி பறக்கும், புகை தங்காது. ஐப்பசி, கார்த்திகை மழை காற்றைக் கழுவிவிடும். மார்கழி முதல் மாசி வரைதான் ஆபத்தான காலம்: தெளிந்த வானம், குளிர்ந்த இரவு, அசையாத காற்று. நம் அறுவடையும் போகியும் தோப்புச் சுத்தமும் இந்த மூன்று மாதத்திலேயே வந்து விழுகின்றன.

அடுத்து வருவது காட்டுத் தீ. பகலில் வெயில் பட்ட சரிவில் காற்று மேல்நோக்கி ஏறும். தீயும் அதோடு ஏறும். அடிவாரப் பட்டா நிலத்தில் வைத்த தீ எல்லை தாண்டிக் காட்டுக்குள் போவது இப்படித்தான். பொழுது சாய்ந்ததும் காற்று திசை மாறும். மேலே கனன்றுகொண்டிருக்கும் புல்லும் சருகும் விடுகிற புகை, குளிர்காற்றோடு சேர்ந்து ஓடைப் பள்ளங்கள் வழியாக ஊருக்குள் இறங்கும். பகலில் மலையில் தெரிந்த தீயைப் படம் பிடித்துப் போடுகிறோம். இரவு முழுக்க அடிவாரத்தில் இருமிக்கொண்டிருக்கிறவர்களைப் பற்றி ஒரு வரி வருவதில்லை.

அந்த நேரத்தில் வெளியே இருப்பவர்கள் யார் என்று பாருங்கள். நாலு மணிக்கு மாட்டுத்தொழுவத்துக்குப் போகிறவர், பால் கேனோடு சைக்கிளில் கிளம்புகிறவர், வெயிலுக்கு முன்னால் பூப்பறிக்கப் போகும் பெண்கள், ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய் ஏற்றுகிறவர்கள், வாசல் தெளிக்கிறவர், ஐந்தரைக்கு டியூஷனுக்குப் போகும் பிள்ளைகள். சர்க்கரை நோய்க்கு நடைப்பயிற்சி சொல்லப்பட்ட பெரியவர்களும் அந்த இருட்டில்தான் நடக்கிறார்கள். நகரத்தில் காற்று மாசு என்றால் அலுவலக நேர நெரிசல் நினைவுக்கு வருகிறது. கிராமத்தில் உழைப்பின் நேரமே மூடி போட்ட நேரம்.

மலைமேல் இரண்டு சான்றுகள்

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-இல் தொடங்கப்பட்டது. சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் அங்கேதான் கண்டார். அங்கே சூரியனைக் கூர்மையாகப் படமெடுக்க உகந்தது காலை நேரம். வெயில் ஏறி மலைச்சரிவு சூடானால் காற்று கொந்தளிக்கும், தொலைநோக்கியில் சூரியனின் உருவம் நடுங்கும். வானியலாளருக்கு வரமாக அமையும் அந்த அமைதியான காற்றே, கீழே அடிவாரத்தில் புகையைப் பிடித்து வைக்கும் காற்று. காற்றின் கொந்தளிப்பு நேரத்துக்கு நேரம் மாறும் என்பது நமக்குப் புதுச் செய்தி அல்ல. நூறாண்டுக்கு மேலாக அதே மலையில் அதற்கேற்ப வேலை நேரத்தை அமைத்துக்கொண்ட ஒரு நிறுவனம் இருக்கிறது.

இரண்டாவது சான்று வேதனையானது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 1980-களின் தொடக்கத்தில் கொடைக்கானலில் அமைந்தது. பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பகுதியில் பழைய இரும்புக் கடை ஒன்றில் கிடந்ததை மக்கள் அம்பலப்படுத்திய பிறகு, 2001 மார்ச்சில் ஆலை மூடப்பட்டது.

பாதரசம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவி காற்றில் கலந்து கலைந்துபோயிருக்கும் என்று எவரும் நினைக்கலாம். அணுசக்தித் துறையின் ஹைதராபாத் ஆய்வகத்தினர் ஆலையின் சுற்றுப்புறக் காற்றை அளந்தபோது ஒரு கனமீட்டரில் 1.32 மைக்ரோகிராம் பாதரசம் இருந்தது. மாசில்லாத இடங்களில் இது ஒன்றிரண்டு நானோகிராம்தான்; அதாவது பல நூறு மடங்கு. காற்று நீர்த்துப்போகச் செய்ததையும் மீறி மிஞ்சியது இது.

காற்று கொண்டுபோனதும் காணாமல் போகவில்லை. கொடைக்கானல் ஏரியைச் சுற்றியுள்ள மரங்களின் பாசியிலும் மரப்பாசிச் செதில்களிலும் அது படிந்திருந்தது. ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பேரிஜம் பகுதிப் பாசியில் இருந்ததைவிட அது பல மடங்கு. ஏரி நீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருந்தது. காற்று கலைத்து விட்டதை மழையும் பனியும் இறக்கின, மரப்பட்டை பிடித்து வைத்தது, ஏரி சேர்த்துக்கொண்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொள்ள 2016 வரை ஆனது.

சருகுப் புகையை வெயிலும் மழையும் ஓரளவு தீர்த்துவிடும். பாதரசம், ஈயம், எரிந்த பிளாஸ்டிக்கிலிருந்து வரும் டையாக்சின் போன்றவற்றுக்குக் காற்று எவ்வளவு கலந்தாலும் பயனில்லை. அவை இடம் மாறுகின்றன, அவ்வளவே. ஆகவே எரிப்பதற்கு நல்ல நேரம் எது என்ற கேள்வி டயருக்கும் பிளாஸ்டிக்குக்கும் பொருந்தாது. அவற்றுக்கு நல்ல நேரம் என்று ஒன்று இல்லை.

சராசரி மறைத்துவிடுகிறது

நம் விதிகளும் அளவீடுகளும் இந்த நேரக் கணக்கைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. நுண்துகளுக்கு இந்தியத் தரம் 24 மணி நேரச் சராசரியாகக் கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். விடியலில் மூன்று மணி நேரம் 200, மீதி 21 மணி நேரம் 30 என்று ஓர் ஊரில் இருந்தால் சராசரி 51. தரத்துக்குள் இருக்கிறது, குறியீட்டில் "திருப்தி" என்றே வரும். பால்காரர் சுவாசித்தது 200; கணக்கில் ஏறியது 51.

திண்டுக்கல் நகரில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தொடர் கண்காணிப்பு நிலையம் இருக்கிறது. நல்லது. ஆனால் நகரச் சமவெளியில் எடுத்த அளவு, மலையடிவாரத்துப் பள்ளத்துக்குப் பொருந்தாது. இரண்டின் இரவுக் காற்றும் வேறு வேறு.

ஆலைப் புகைபோக்கிக்கான விதியும் இப்படித்தான். வெளியேறும் கந்தக டை ஆக்சைடின் அளவை வைத்துப் புகைபோக்கியின் உயரத்தைக் கணக்கிடுகிறோம். மணிக்கு 100 கிலோ வெளிவந்தால் ஏறக்குறைய 56 மீட்டர், எப்படியும் 30 மீட்டருக்குக் குறையக் கூடாது. அந்தச் சூத்திரத்தில் மலையும் இல்லை, பள்ளத்தாக்கும் இல்லை. கோவை தடாகம் பள்ளத்தாக்கில் மூன்று பக்கமும் மலை சூழ்ந்த இடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட செங்கல் சூளைகள் வர விட்டு, மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு 2021-இல் மூட வேண்டியிருந்தது. அடிவாரத்துக்கு அனுமதி தருமுன் அந்த இடத்து இரவுக் காற்றை ஒரு பனிக்காலம் அளந்து பார்த்திருந்தால் இத்தனை துன்பம் வேண்டியிருக்காது.

கொடைக்கானல் நகரம் ஏரியைச் சுற்றிய ஒரு கிண்ணத்தில் இருக்கிறது. வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலிலிருந்து வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. சரியான நடவடிக்கை. ஆனால் நாளொன்றுக்கு எத்தனை வண்டி என்பதோடு, எந்த நேரத்தில் எத்தனை வண்டி இன்ஜினை அணைக்காமல் ஏரிச்சாலையில் நிற்கின்றன என்பதும் பார்க்கப்பட வேண்டும். மாலை ஆறு மணிக்குமேல் அந்தக் கிண்ணத்தில் விடும் புகை மறுநாள் வெயில் வரும்வரை பெரும்பாலும் அங்கேயே தங்கும்.

உடனே செய்யக்கூடியவை

முதலில் போகி. ஒவ்வோர் ஆண்டும் வாரியம் "புகையில்லாப் போகி" என்று கேட்டுக்கொள்கிறது, பெருநகரங்களில் வாகனத்தில் ஒலிபரப்பும் உண்டு. சென்னையில் போகிப் புகையால் விமானங்கள் தாமதமானால் செய்தியாகிறது. அடிவாரப் பேரூராட்சிகளில் எரிப்பது குறைவுதான்; ஆனால் எரிப்பது அதிகாலை நாலு மணிக்கு, மூடி மிக இறுக்கமாக இருக்கும் நேரத்தில். போகிக்கு முந்தைய வாரம் பேரூராட்சியே வண்டி அனுப்பிப் பழைய பாய், துணி, டயர், பிளாஸ்டிக்கை வீடு வீடாக வாங்கிக்கொண்டால் எரிக்க ஒன்றும் மிஞ்சாது. தூய்மைப் பணியாளர்களுக்கு அந்த ஒரு வாரத்துக்குக் கூடுதல் ஊதியம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை இது.

குப்பையை வெளியில் எரித்தால் 5,000 ரூபாயும், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாயும் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே உத்தரவிட்டிருக்கிறது. ஏழை வீட்டு வாசலில் போய் அபராதம் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. குப்பைக் கிடங்கு பற்றி எரிந்தால் அந்த உள்ளாட்சியே பொறுப்பு என்பதிலிருந்து தொடங்கட்டும். வீட்டிலிருந்து குப்பையைத் தினமும் எடுத்துக்கொள்ளாத இடத்தில் மக்கள் எரிக்கத்தான் செய்வார்கள்.

வயல் கழிவில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. புகை நன்றாகக் கலையும் நண்பகலில்தான் தீயும் எளிதில் கைமீறும். காட்டோர நிலத்தில் பகல் பன்னிரண்டு மணிக்குத் தீ வைக்கச் சொல்வது மலையையே கொளுத்தச் சொல்வதாகிவிடும். மாலையில் வைத்தால் தீ அடங்கும், புகை ஊரில் தங்கும். ஆக, காட்டெல்லையில் எரிக்க நல்ல நேரமே கிடையாது. எரிக்காமல் இருக்க வழி செய்துதர வேண்டும்.

மக்காச்சோளத் தட்டையை நறுக்கினால் தீவனமாகும், ரோட்டவேட்டர் ஓட்டி மடக்கினால் உரமாகும். தென்னை மட்டையைத் தூளாக்கி மரத்தடியில் போட்டால் கோடையில் ஈரம் காக்கும். இதெல்லாம் விவசாயிக்குத் தெரியாதது அல்ல. தேவையான நாளில் இயந்திரம் கிடைப்பதில்லை, வாடகை கட்டுப்படியாகவில்லை. ரெட்டியார்சத்திரம் வட்டாரத்தில் விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து இயங்கிய பழக்கம் ஏற்கெனவே உண்டு. வேளாண் பொறியியல் துறை தை, மாசி இரண்டு மாதத்துக்கு மட்டும் அரவை இயந்திரங்களை இந்த அடிவார ஊர்களுக்குக் குறைந்த வாடகையில் அனுப்பினால் தீ வைக்கும் தேவை பாதியாகும். வனத்துறை தீயணைக்கச் செலவழிப்பதில் ஒரு பகுதியை இதற்குத் திருப்புவது வீண்செலவு ஆகாது.

காட்டிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில், தவிர்க்க முடியாமல் கொஞ்சம் சருகு எரிக்கிறவர்களுக்கு எளிய விதி போதும்: காலை பத்துக்கு முன்னும் மாலை நாலுக்குப் பின்னும் தீ வேண்டாம். நாலு மணிக்குள் தண்ணீர் ஊற்றி முழுதாக அணைத்துவிட வேண்டும். கனலும் குவியல் இரவெல்லாம் புகை விடும். அடர்ந்த தோப்புக்குள் எரிக்கவே கூடாது, அங்கே பகலிலும் காற்று புகாது.

இதைத் தெரிந்துகொள்ளக் கருவி வேண்டியதில்லை. ஃப்ராங்க் பாஸ்குவில் என்ற ஆங்கிலேய அறிஞர் 1961-இல் வெயில், மேகம், காற்றின் வேகம் மூன்றை மட்டும் வைத்துக் காற்றின் கலக்கத்தை ஆறு வகையாகப் பிரித்தார். உலகம் முழுவதும் பல்லாண்டுகள் பொறியாளர்கள் அதைத்தான் பயன்படுத்தினார்கள். நம் ஊரில் டீக்கடைப் புகையைப் பார்த்தாலே போதும். புகை நெளிந்து மேலே போய்க் கலைகிறதா, அல்லது கொஞ்சம் எழுந்து படுத்துவிடுகிறதா? படுத்தால் எதையும் பற்றவைக்கக் கூடாது. பள்ளி அறிவியல் மன்றங்களில் பிள்ளைகளைக் கொண்டு தை மாதம் முழுக்க இதைக் குறித்து வைக்கச் செய்யலாம். ஊரின் புகை நேரம் எது என்று அவர்களே வீட்டில் சொல்வார்கள்.

அரசு செய்ய வேண்டியது இன்னும் இரண்டு. டெல்லிக்கு இந்திய வானிலைத் துறையும் புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, காற்று எவ்வளவு உயரம் கலக்கும், எவ்வளவு வேகமாக வீசும் என்ற இரண்டையும் பெருக்கி, மாசு கலையுமா தேங்குமா என்று முன்கூட்டியே அறிவிக்கின்றன. அந்தப் பெருக்குத்தொகை வினாடிக்கு 6,000 சதுர மீட்டருக்குக் கீழே போய், காற்றின் வேகமும் மணிக்கு 10 கிலோமீட்டருக்குள் இருந்தால், "கலையாது" என்று பொருள். அதே கணிப்பைத் தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கும் மார்கழி முதல் பங்குனி வரை தரலாம். மழை அறிவிப்போடு சேர்த்து, "இன்றிரவு புகை தங்கும்" என்று ஒரு வரி வானொலியில் வந்தால் போதும்.

அடுத்தது, அடிவாரத்துக்கென்று அளவி. திண்டுக்கல்லிலிருந்து கன்னிவாடி, தருமத்துப்பட்டி வழியாக ஆடலூர் வரை உயரம் உயரமாக நாலைந்து சிறிய நுண்துகள் அளவிகளும் வெப்பமானிகளும் வைத்தால், எந்த இரவில் மூடி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று ஒரே பனிக்காலத்தில் தெரிந்துவிடும். மலைச்சாலையே இதற்கு ஏணியாக இருக்கிறது, பலூன் விட வேண்டியதில்லை. திண்டுக்கல் மாவட்டத்துப் பொறியியல், அறிவியல் கல்லூரிகளில் ஒன்றிடம் இந்த வேலையை ஒப்படைக்கலாம். அளவுகளை 24 மணி நேரச் சராசரியாக அல்லாமல் மணிவாரியாகப் பேரூராட்சி அலுவலக வாசலில் எழுதிப் போட வேண்டும். பள்ளிகளின் காலை விளையாட்டு நேரத்தை, தை, மாசியில் மட்டும், அந்தப் பலகையைப் பார்த்துத் தலைமையாசிரியர் மாற்றிக்கொள்ள அனுமதியும் தர வேண்டும்.